சிறுத்தைக் குட்டியும் வீட்டு முற்றமும்



முல்லைத்தீவு மாவட்டத்திலே, ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடைப்பட்ட காட்டோரம் ஒன்றில், ஓர் உழவர் பற்றை வெட்டிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முற்பகல் நேரம். பாலை மரத்தின் அடியிலே, பாறை இடுக்கிலிருந்து மெல்லிய முனகல் ஒன்று கேட்கிறது. கத்தியைத் தோளிற் சாய்த்துவிட்டுக் குனிந்து பார்க்கிறார். இரண்டு குட்டிகள். பூனைக் குட்டியினும் சற்றே பெரியவை. மங்கிய நிறம், உடலெங்கும் நெருங்கிய புள்ளிகள், நீலம் பாய்ந்த கண்கள். சுற்றுமுற்றும் பார்க்கிறார். தாயைக் காணவில்லை.

அவர் இரக்கமுள்ள மனிதர். தாயில்லாப் பிள்ளைகள் காட்டிற் கிடந்து வாடுவதா என்று எண்ணுகிறார். ஒன்றைச் சாரத்து மடியில் ஏந்தி வீட்டுக்குக் கொண்டுவருகிறார். பிள்ளைகள் ஆரவாரம் செய்கின்றனர். பசுப்பாலில் நனைத்த துணித்திரியைக் குட்டி உறிஞ்சுகிறது. பின்னர் வீட்டின் இளைய பிள்ளையின் மடியிலே சுருண்டு உறங்குகிறது. அன்றே அதற்கு ஒரு பெயரும் வைத்தாயிற்று.

இந்த நல்ல மனிதர் செய்தது நன்மைதானா? இன்று நாம் ஆராயப்போவது இந்த ஒரு வினாவையே.

முதலில் அந்தக் குட்டி யாரென்று அறிந்துகொள்வோம். இலங்கைக் காடுகளில் இன்று வரிப்புலி இல்லை, சிங்கமும் இல்லை. வன்னியிலே முதியவர்கள் புலி என்று சொல்லும்போது அவர்கள் குறிப்பது சிறுத்தையையே. இத்தீவின் சிறுத்தை தனியொரு கிளையினம். 1956ஆம் ஆண்டில் விலங்கியல் அறிஞர் பி. ஈ. பி. தெரணியகல இதற்குப் ‘பந்தெரா பார்டஸ் கொட்டியா’ என்று அறிவியற் பெயர் சூட்டினார். ஏனைய நாடுகள் பலவற்றிலே சிறுத்தை, சிங்கத்துக்கோ புலிக்கோ அஞ்சி ஒதுங்கி வாழ வேண்டியது. இங்கோ காட்டின் தலைமை வேட்டை விலங்கு அதுவே. மானையும் மரையையும் பன்றியையும் கொன்று தின்று, அவை அளவின்றிப் பெருகாதபடி காத்துவருவது அது. நன்கு வளர்ந்த ஆண் சிறுத்தை ஐம்பது, அறுபது கிலோ நிறை கொள்ளும். அதற்கு மேற்பட்டவையும் உண்டு. முதிர்ந்த சிறுத்தைகள் இத்தீவு முழுவதிலும் ஆயிரத்துக்கும் குறைவு என்பதே ஆய்வாளர் மதிப்பீடு.

இனி, அந்தத் தாய் எங்கே போயிற்று? நேயர்களே, இங்கேதான் நம் இரக்கம் முதலிற் பிழை செய்கிறது. தாய்ச் சிறுத்தைக்குத் துணை இல்லை. குட்டிகளைப் பேணுவதில் ஆண் சிறுத்தை பங்கு கொள்வதில்லை. ஆகவே தாய்தான் வேட்டையாட வேண்டும். தாய்தான் பாலூட்ட வேண்டும். குட்டிகளைப் பற்றையிலோ பாறை இடுக்கிலோ மறைத்துவிட்டுப் பல மணி நேரம் அது இரை தேடி அலையும். சில வேளைகளில் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். தனித்துக் கிடக்கும் குட்டி பெரும்பாலும் அனாதை அன்று. தாய் வேலைக்குப் போன வீட்டுப் பிள்ளை அது. நாம் ‘காப்பாற்றினோம்’ என்று கருதும் அந்தக் கணத்திலேதான் அது மெய்யாகவே அனாதையாகிறது. மாலையில் வாயில் இரையின் மணத்தோடு திரும்பும் தாய், வெறுமையான இடுக்கை மோந்து மோந்து அலையும். அதனைக் காண்பதற்கு அங்கே நாம் இருப்பதில்லை.

கொண்டுவந்தாயிற்று, இனி வளர்ப்பு எவ்வாறு நடக்கிறது என்று பார்ப்போம். முதல் இடர் பால். பசுவின் பால் சிறுத்தைக் குட்டியின் வயிற்றுக்கு ஏற்றதன்று. கழிச்சல் கண்டு பல குட்டிகள் அதிலேயே இறந்துபோகும். பிழைத்தெழுந்த குட்டிக்குப் பின்னர் இறைச்சி வேண்டும். எலும்பு நீக்கிய வெறும் இறைச்சியைப் பரிவோடு ஊட்டுவோர் உண்டு. அதிற் சுண்ணச் சத்துப் போதாது. குட்டியின் எலும்புகள் வளைந்து நொய்ந்துவிடும். காட்டிலே தாய் கொணரும் இரையில் தசையும் எலும்பும் ஈரலும் குடலும் சேர்ந்திருக்கும். அந்த உணவை நம் சமையலறை அறியாது. வளர்ந்த சிறுத்தைக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு கிலோ இறைச்சி என்று கொண்டாலும், ஆண்டுக்கு ஆயிரம் கிலோவைத் தாண்டும். அடைப்பிலே வாழும் சிறுத்தை இருபது ஆண்டுகளும் உயிர் வாழக்கூடியது. வன்னியில் எந்த உழவர் வீட்டுக்கு இது தாங்கும்?

ஆறு மாதம் வரை அது விளையாட்டுப் பிள்ளை. ஆயினும் அந்த விளையாட்டைக் கூர்ந்து நோக்குங்கள். வயிறு நிலத்திற் படப் பதுங்கும், எதிரே இருப்பவர் முதுகைத் திருப்பும் வரை காத்திருக்கும், திரும்பியவுடன் பாயும், பிடரியைக் கவ்வும். நமக்கு அது விளையாட்டு. அதற்கோ அது பள்ளிக்கூடம். குட்டியாய் இருக்கையிற் பல் பதிந்த இடத்தில் ஒரு கீறல் விழும். ஒன்றரை ஆண்டு கழிந்தபின், அதே விளையாட்டை அதே அன்போடு அது ஆடினால், விளைவு வேறாகும். ஓடுகின்ற குழந்தையும், தடுக்கி விழுகின்ற முதியவரும், குனிந்து முற்றம் கூட்டுகின்ற பெண்ணும் அதன் கண்ணுக்கு அந்தக் கணத்திலே மனிதர் அல்லர், அசைகின்ற இரை. இதில் வஞ்சகம் இல்லை, நன்றிகேடும் இல்லை. ‘பாலூட்டி வளர்த்தவரையே கடித்துவிட்டதே’ என்று அதனைப் பழிப்பது, மழையை நனைத்ததற்காகப் பழிப்பது போன்றது.

பூனையும் அதே குலத்தைச் சேர்ந்ததன்றோ, அது வீட்டில் வாழவில்லையா என்று சிலர் கேட்கக்கூடும். நல்ல வினா. பூனையை மனிதன் பிடித்து வந்து அடக்கவில்லை. மனிதன் தானியம் சேர்த்தான். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிக் காட்டுப் பூனை தானாகவே வந்தது. சைப்பிரஸ் தீவிலே மனிதனோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட ஒரு பூனையின் எலும்புகளை ஆய்வாளர் கண்டெடுத்து, 2004ஆம் ஆண்டில் அறிவித்தனர். அந்தப் புதைகுழியின் வயது ஏறத்தாழ 9,500 ஆண்டுகள். அத்தனை நூற்றாண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாக மனிதர் அருகே வாழப் பழகிய இனம் அது. ஒரு விலங்கைப் பழக்குவது வேறு. ஓர் இனம் வீட்டினமாவது வேறு. முன்னது ஒரு குட்டியின் வாழ்நாளோடு முடிந்துவிடும். பின்னதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும்.

இந்த வேறுபாட்டை விளக்க வரலாற்றிலே ஒரு பெருஞ்சான்று உண்டு. முகலாய மன்னர்கள் வேட்டைக்காகச் சிவிங்கிகளை வளர்த்தனர். சிவிங்கி என்பது சிறுத்தையினும் மெலிந்த உடலும் நீண்ட காலும் கொண்டு விரைந்தோடும் வேட்டை விலங்கு. தம் தந்தை அக்பர் ஆயிரம் சிவிங்கிகளைச் சேர்த்தும் அவை இணைசேர்ந்து பெருகவில்லை என்று ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பிலே எழுதியுள்ளார். அடைப்பிலே ஒரு சிவிங்கி குட்டி ஈன்றதை 1613ஆம் ஆண்டளவில் அவர் வியப்போடு பதிவு செய்தார். அதற்கடுத்துப் பதிவான ஈற்று 1956ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பிலடெல்பியா விலங்கினச்சாலையில் நிகழ்ந்தது. இடையிலே முந்நூறு ஆண்டுகளுக்கு மேல்! அப்படியானால் அரண்மனைச் சிவிங்கிகள் எங்கிருந்து வந்தன? ஒவ்வொன்றும் காட்டிலிருந்து பிடிபட்டது. பட்டுத் துணியும் பொற்கழுத்துப் பட்டையும் அணிந்து அவை அரசர்க்குப் பெருமை சேர்த்தன, காடு வறிதாயிற்று. 1947இல் இந்தியாவின் கடைசி மூன்று சிவிங்கிகள் சுடப்பட்டன. 1952இல் அந்நாட்டில் அவ்வினம் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ஆப்பிரிக்காவிலிருந்து வேறு சிவிங்கிகளைக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. வெறுப்பினால் மட்டும் ஓர் இனம் அழிவதில்லை, நேயர்களே, விருப்பத்தினாலும் அழியும்.

‘அரசர் செய்தது ஆடம்பரம், அறிவோடும் அன்போடும் வளர்த்தால்?’ என்று கேட்கலாம். அப்படி வளர்த்தவரும் ஒருவர் இருந்தார். வட இந்தியாவில், நேபாள எல்லையோரத்துத் துத்வா காட்டருகே வாழ்ந்த அர்ஜன் சிங், 1970களில் மூன்று சிறுத்தைக் குட்டிகளை வளர்த்தார். ஆண் குட்டி பிரின்ஸ். பெண் குட்டிகள் ஹாரியட், ஜூலியட். அவர் அவற்றை வீட்டிலே வைத்துக்கொள்வதற்காக வளர்க்கவில்லை. காட்டுக்குத் திருப்பித் தருவதற்காகவே வளர்த்தார். நாள்தோறும் அவற்றோடு காட்டில் நடந்தார். அவருக்கு வாயிற்படியிலேயே காடு இருந்தது. வாழ்நாள் முழுவதையும் அதற்கே ஒப்படைக்கும் வசதியும் இருந்தது.

அவர் முயற்சி வீண் போகவில்லை. ஹாரியட் காட்டுக்குச் சென்று குட்டி ஈன்றது. மழைக்காலத்தில் வெள்ளம் பெருகியபோது, அது தன் குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஆறு கடந்து, தான் வளர்ந்த வீட்டின் சமையலறைக்கே வந்து சேர்த்தது. வெள்ளம் வடிந்தபின் குட்டியோடு அவருடைய படகில் ஏறி அக்கரைக்குத் திரும்பியது. இதனைக் கேட்கும்போது நெஞ்சம் நெகிழாதார் யார்? ஆயினும் கதை அங்கே முடியவில்லை. அப்பெண் சிறுத்தைகளுள் ஜூலியட் நஞ்சுண்டு மாண்டது. மனிதரை நம்பக் கற்றுக்கொண்ட விலங்குக்கு, எந்த மனிதரை நம்பலாகாது என்று யார் கற்பிப்பது?

அவர் வளர்த்த இன்னொன்று தாரா என்னும் பெண் புலி. இங்கிலாந்தின் விலங்கினச்சாலை ஒன்றிலிருந்து 1976இல் குட்டியாகக் கொண்டுவரப்பட்டு, 1978இல் காடேறியது. அதன்பின் அவ்வட்டாரத்தில் மனிதர் பலர் புலிகளுக்கு இரையாயினர். 1980இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு பெண் புலியைத் தாரா என்றனர் அதிகாரிகள். அது தாரா அன்று என்று அவர் இறுதிவரை மறுத்தார். யார் சொன்னது சரியாயினும் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வளர்ப்புப் புலி ஒன்று காட்டிலே திரிகிறது என்று தெரிந்தால், ஊரில் நிகழும் ஒவ்வொரு சாவுக்கும் ஐயம் அதன்மேலேயே விழும். வளர்த்தவரின் அன்பு அதற்குக் கவசமாகாது, குற்றச்சாட்டாகவே மாறும்.

ஆப்பிரிக்காவின் கென்யாவிலே ஜோர்ஜ் ஆடம்சன், ஜாய் ஆடம்சன் தம்பதியர் வளர்த்துக் காட்டுக்கு அனுப்பிய எல்சா என்னும் பெண் சிங்கத்தை உலகம் அறியும். அதே ஜோர்ஜ் ஆடம்சன், மனிதரிடையே வளர்ந்து திரைப்படத்திலும் நடித்த இன்னொரு சிங்கத்தைக் காட்டு வாழ்வுக்குப் பழக்கிவந்தார். 1971ஆம் ஆண்டில் அந்தச் சிங்கம், அவருடைய பணியாளர் ஒருவரைத் தாக்கிக் கொன்றது. தாம் அன்போடு பேணிய அந்தச் சிங்கத்தை அவரே சுட வேண்டியதாயிற்று. சிங்கங்களை அவரளவு அறிந்தவர் மிகச் சிலரே. அவருக்கே இது நேர்ந்தது.

அறிவும் பொறுப்பும் இன்றி வளர்ப்போரிடத்து நிகழ்வது இதனினும் கொடிது. 2011ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் தனியார் ஒருவர் தம் பண்ணையில் அடைத்து வைத்திருந்த ஐம்பதுக்கு மேற்பட்ட காட்டு விலங்குகளைத் திறந்துவிட்டுத் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். இருள் கவியும் வேளை, அருகே குடியிருப்புகள். காவற்றுறையினருக்கு வேறு வழியில்லை. பதினெட்டுப் புலிகள் உட்படப் பெரும்பாலான விலங்குகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. 2022ஆம் ஆண்டின் இறுதியிலேதான் பெரும்பூனைகளைச் செல்லப் பிராணிகளாக வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் அந்நாடு முழுவதற்கும் வந்தது. நம் நாட்டிலோ 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் சிறுத்தைக்குக் காவலாய் நிற்கின்றன. அதனைக் கொல்வதும் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்.

இனி மீண்டும் வன்னிக்கு வருவோம்.

2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் 21ஆம் நாள், கிளிநொச்சி அம்பாள்குளம் கிராமத்துக்குள் ஒரு சிறுத்தை புகுந்தது. வனசீவராசிகள் திணைக்கள அலுவலர் ஒருவர் உட்பட ஏறத்தாழப் பத்துப் பேரை அது காயப்படுத்தியது. ஊர் மக்கள் தடிகளோடு சூழ்ந்து அதனை அடித்துக் கொன்றனர். அடித்ததையும், மாண்ட உடலோடு நின்றதையும் சிலர் படம்பிடித்துப் பரப்பினர். அப்படங்கள் உலகெங்கும் சென்றன. தொடர்புடையோரைக் கைது செய்யுமாறு நீதிமன்றம் ஆணையிட்டது.

அந்த மக்களை இங்கிருந்துகொண்டு எளிதாகப் பழித்துவிட நான் விரும்பவில்லை. நீண்ட போரிலே ஊரை இழந்து, 2009ஆம் ஆண்டின் பின்னர் மீளக் குடியேறிய மக்கள் வன்னியில் ஏராளம். அவர்கள் விட்டுச்சென்ற வளவுகளில் பற்றை மண்டியது. வயல் எது, காடு எது என்று தெரியாத நிலை பல ஊர்களில் இருந்தது. தம் உறவினர் குருதி சொட்ட நிற்பதைக் கண்டவர்க்கு அச்சமும் சினமும் எழுவது இயல்பு. எனினும், அச்சம் தீர்ந்தபின்னும் தடி ஓயவில்லை என்பதும், செத்த விலங்கைக் காட்சிப் பொருளாக்கினோம் என்பதும் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியவை.

நேயர்களே, குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சுவதும், வளர்ந்ததைத் தடியால் அடித்துக் கொல்வதும் முற்றிலும் எதிரான செயல்கள் என்று நாம் எண்ணுகிறோம். ஆழ்ந்து நோக்கினால் இரண்டுக்கும் வேர் ஒன்றே. சிறுத்தையைச் சிறுத்தையாக இருக்க விடாமையே அந்த வேர். ஒன்று அதனைப் பொம்மையாக்குகிறது, மற்றொன்று பேயாக்குகிறது. இரண்டிலும் அழிவது, அதற்கும் நமக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி. காட்டுச் சிறுத்தை மனிதரைக் கண்டு ஒதுங்குவது கோழைத்தனம் அன்று. அதுவே அதன் உயிருக்கும் நம் உயிருக்கும் வேலி. வீட்டிலே வளர்ந்த சிறுத்தை அந்த வேலியை அறியாது. என்றேனும் ஒரு நாள் அது கயிற்றை அறுத்துக்கொண்டு போனால் எங்கே போகும்? தான் அறிந்த இடத்துக்கே, மனிதர் குடியிருப்புக்கே போகும். அங்கே அதனை வரவேற்பது இளைய பிள்ளையின் மடி அன்று, தடிகளே.

அப்படியானால் அந்த உழவர் செய்ய வேண்டியது யாது? குட்டியைத் தொடாமல், வந்த வழியே அமைதியாகத் திரும்ப வேண்டும். தாய் அருகிலேயே பதுங்கி நிற்கக்கூடும். ஆகவே விரைந்து விலகுவதே தமக்கும் காவல். நாயையும் பிள்ளைகளையும் அப்பக்கம் விடலாகாது. அன்றைய வேலையை நிறுத்திவிட வேண்டும். கிராம அலுவலர் வழியாகவோ நேரடியாகவோ வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்குச் செய்தி அனுப்ப வேண்டும். பெரும்பாலும் அன்றிரவே தாய் வந்து குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வேறிடம் கொண்டுபோய்விடும்.

தெரியாமல் எடுத்து வந்துவிட்டாலும் வழி அடைந்துவிடவில்லை. மகாராட்டிர மாநிலத்தின் ஜுன்னார் வட்டாரத்திலே சிறுத்தைகள் கரும்புத் தோட்டங்களில் குட்டி ஈனுகின்றன. அறுவடையின்போது உழவர் அவற்றைக் காண்பது அங்கே வழக்கமான செய்தி. வனத்துறையினரும் மருத்துவரும் குட்டியைச் சோதித்து, கண்டெடுத்த அதே இடத்தில், திறந்த பெட்டியொன்றில் இரவில் வைத்துவிட்டு அகன்றுவிடுவர். மறைவிலே பொருத்திய படக்கருவியில் பின்னர் பார்த்தால், நள்ளிரவில் தாய் வருகிறது. பெட்டியை மோந்து பார்க்கிறது. பிள்ளையைக் கவ்விக்கொண்டு மறைகிறது. மனிதக் கை பட்ட குட்டியைத் தாய் ஏற்காது என்னும் நம்பிக்கை பிழையென்று அப்படங்களே காட்டிவிட்டன. காலம் தாழ்த்தாமல் திருப்பி வைப்பதொன்றே வேண்டியது.

மெய்யாகவே தாயை இழந்த குட்டிகளும் உண்டு. பன்றிக்கும் மானுக்கும் வைத்த கம்பிச் சுருக்கிலே சிறுத்தைகள் மாட்டி இறப்பது நம் நாட்டில் அடிக்கடி நிகழ்கிறது. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், மலைநாட்டின் நல்லதண்ணிப் பகுதியிலே அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் அகப்பட்டு, மீட்கப்பட்டும் சில நாட்களில் இறந்ததை நேயர்கள் அறிந்திருப்பீர்கள். சிறுத்தைக் குட்டியின்மேல் நமக்கு உண்மையான அன்பு இருக்குமானால், அந்த அன்பை முதலில் இந்தக் கம்பிச் சுருக்கை அகற்றுவதிலே காட்டலாம். மடியில் ஏந்திக் காட்டும் அன்பைவிட அது பயனுள்ளது.

தொடக்கத்திலே நாம் கண்ட உழவரிடம் மறுபடி செல்வோம். மாலையாகிவிட்டது. அவர் வீட்டுத் திண்ணையில் வெறுங்கையோடு அமர்ந்திருக்கிறார். காட்டில் கண்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார். ‘ஏனப்பா கொண்டு வரேல்லை?’ என்று இளைய பிள்ளை கேட்கிறது. ‘அதுக்குத் தாய் இருக்குது, பிள்ளை’ என்கிறார் அவர்.

நேயர்களே, அந்த ஒரு மறுமொழியைக் கேட்டு வளரும் பிள்ளை, நாளை பெரியவனாகித் தடியைத் தூக்குமுன் ஒரு கணம் தயங்குவான். அந்த ஒரு கணத்திலே ஒரு சிறுத்தை காட்டுக்குள் மறைந்துவிடக்கூடும்.